வீட்டுப்பள்ளிக்கு யாரும் அதிகமா சொல்லாத பாடப்பொருள் எதாவது இருக்கா? (வேலூர் பக்கம்)

காட்பாடி_கயல்

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி காந்தி நகர்ல இருக்கோம், பையனுக்கு எட்டு வயசு, பொண்ணுக்கு அஞ்சு. போன ஜூன்ல இருந்து ரெண்டு பேரையும் ஸ்கூலுக்கு அனுப்பல. ஏன் அனுப்பலன்னு இங்க யாரும் ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ், அத மாமியார் வீட்ல தெனமும் கேட்டுட்டு தான் இருக்கேன்.

இப்போ பிரச்சனை என்னன்னா ஆரம்பத்துல பயத்துல ஒரு வெளிநாட்டு கரிகுலம் செட்டு வாங்கிட்டேன், பெரிய டப்பா, கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து நாப்பத்திரெண்டாயிரம் ஆச்சு. மொத பாடமே பனியில பொம்மை செய்யறது. அடுத்தது மேப்பிள் இலை கலர் மாறுறது. நாங்க படிச்சது ஜூன் மாசம், கத்திரி முடிஞ்சும் வெயில் முடியாத வேலூர்ல, பையன் "ஏலகிரில பனி பெய்யுமாம்மா"ன்னு கேக்கறான். மூணு வாரத்துல பரண் மேல ஏறிடுச்சு.

கான் அகாடமி, யூட்யூப், என்சிஇஆர்டி புக்கு இதெல்லாம் தெரியும், தயவுசெஞ்சு அதயே சொல்லாதீங்க. நீங்க நெஜமா வீட்ல செஞ்சு பாத்து, ஓடுதுன்னு தெரிஞ்ச, ஆனா எந்த லிஸ்ட்லயும் வராத சமாச்சாரம் வேணும். தமிழ்ல இருந்தா இன்னும் நல்லது, பையன் இங்கிலீஷ் படிப்பான் ஆனா யோசிக்கறது தமிழ்ல தான். மாசம் ஐநூறுக்கு மேல செலவு பண்ண முடியாது, காரணம் மேல சொன்ன டப்பா.

சும்மா_பாக்கறவன்

நாப்பத்திரெண்டாயிரம்!! அதுல ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரு வருஷ ஃபீஸ் கட்டி இருக்கலாமே மேடம்.

காட்பாடி_கயல்

தெரியும் சார். நன்றி சார்.

குடியாத்தம்_தறி

அக்கா நான் லுங்கி தறி ஓட்றவன், பெரிய படிப்பு இல்ல, பத்தாவது. எம் பையன் ஆறாவது படிச்சிகினு இருந்தான், உடம்பு சரியில்லாம ஒரு வருஷம் ஸ்கூல் போக முடியல, அப்போ வூட்டுலயே நானும் அவனும் தறி பக்கத்துல உக்காந்து படிச்சோம். அந்த அனுபவத்துல சொல்றேன்.

அரவிந்த் குப்தான்னு ஒருத்தர் கீறாரு, ஐஐடி கான்பூர்ல படிச்சவரு, டெல்கோ கம்பெனில வேலைல இருந்துகினே 1978ல லீவு போட்டுட்டு மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் பக்கம் கிராமத்து ஸ்கூல் புள்ளைங்களுக்கு சயின்ஸ் சொல்லித்தர போனவரு. 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவரு வெப்சைட்டுல குப்பையில இருந்து பொம்மை செய்யறது நூத்துக்கணக்குல கீது, வீடியோ தமிழ்லயும் கீது, புத்தகம் அல்லாமே சும்மாவே எறக்கிக்கலாம். பேரு நெறைய பேருக்கு தெரியும், ஆனா செஞ்சு பாத்தவங்க கம்மி. வீடியோ பாத்துட்டு "சூப்பர்"னு சொல்லிட்டு அடுத்த வீடியோக்கு போயிடுவாங்க.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. சைக்கிள் கடைல வால்வு ட்யூப்பு கேளுங்க, மெல்லிசா கருப்பா இருக்குமே அது. சின்ன சின்னதா வெட்டி ரெண்டு பக்கமும் தீக்குச்சி சொருவுனா மூட்டு மாதிரி ஆயிடும். மூணு குச்சி எடுத்து முக்கோணம் பண்ணுங்க, ஆடாது. நாலு குச்சில சதுரம் பண்ணுங்க, ஒரு தட்டு தட்டுனா சாஞ்சிடும். இத்த நான் சொல்லல, பையன் கையில புடிச்சிகினு அவனே சொன்னான். அப்புறம் ஜன்னல் வழியா பாத்துட்டு "நைனா செல்போன் டவர் பூரா முக்கோணமா கீது பாரு"ன்றான். எனக்கே அப்போதான் தெரியும், நாப்பது வருஷமா அந்த ரயில்வே ஸ்டேஷன் கூரைக்கு கீழதான் நின்னுகினு இருந்திருக்கேன்.

மூணு குச்சி ஒரே எடத்துல சேரணும்னா ட்யூப்புல ஒரு ஓட்டை போடணும், அதுக்கு ஊசி வேணாம், கருவேல முள்ளு தான் கரெக்டு. அவரும் முள்ளு தான் சொல்றாரு. நம்மூர்ல வேற எதுக்கு பஞ்சமோ முள்ளுக்கு பஞ்சமில்ல.

குச்சி தான் பெருசா வாங்க வேணாம். எங்க ஊர்ல தீப்பெட்டி வேலை நடக்குது, மருந்து வைக்காத வெத்து குச்சி கட்டு கட்டா கெடைக்கும், வேணும்னா சொல்லுங்க.

காட்பாடி_கயல்

அண்ணா இது செம. குச்சி கண்டிப்பா வேணும்.

சத்துவாச்சாரி_அக்கா

கயல், நான் இந்த ஓட்டத்துல பழைய ஆளு, பொண்ணு முழுக்க வீட்லயே படிச்சு வெளிய வந்துட்டா. வெளிநாட்டு சரக்குல ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் கைவிடாம வச்சிருந்தது எம்இபி கணக்கு. பிரிட்டன்ல சிஐஎம்டின்னு ஒரு கணித மையம் ஹங்கேரி நாட்டு முறைய பாத்து உருவாக்கினது. எல்லாம் இலவசம், ஒரு வருஷத்துக்கு 175 பாடம், ஒவ்வொரு பாடத்துக்கும் டீச்சர் என்ன கேக்கணும் புள்ள என்ன சொல்லலாம்னு குறிப்பு இருக்கும். பாக்க ஒரு அழகும் இருக்காது, கருப்பு வெள்ளை, அதனாலயே யாரும் திரும்பி பாக்கறதில்ல.

அதுல விசேஷம் என்னன்னா மொத வருஷம் முழுக்க 20க்கு மேல எண்ணே போகாது. நம்ம பக்கம் எல்கேஜிலயே நூறு வரைக்கும் எழுத வச்சுடுவோம்ல, இவங்க 20க்குள்ளயே ஒரு வருஷம் சுத்துவாங்க, ஆனா அதுக்குள்ள பெருசு சின்னது குறி, விட்டுப்போன எண்ண கண்டுபிடிக்கறது, ஒரே விடைக்கு எத்தன வழி, எல்லாம் வந்துடும். என் பொண்ணு ஒன்பது வயசுல இத ஆரம்பிச்சா, "சின்ன புள்ளைங்க கணக்கு"ன்னு ரெண்டாம் வருஷ புக்க எடுத்து சிரிச்சா, நாலாவது பக்கத்துல மாட்டிக்கிட்டா. ப்ரிண்ட் எடுக்கும்போது பவுண்டு பென்ஸ் வர்ற எடத்துல ரூபா போட்டுக்கோங்க.

சின்னவளுக்கு வேற ஒண்ணு. டில்லில ஜோடோ கியான்னு ஒரு அமைப்பு, கணித மாலைன்னு ஒரு பொருள் பண்ணாங்க, நூறு மணி, பத்து ஒரு கலரு அடுத்த பத்து வேற கலருன்னு மாறி மாறி கோத்திருக்கும். வாங்கலாம், ஆனா நான் லாங் பஜார்ல மணி வாங்கி நானே கோத்தேன். 37னா எங்க, 37ல இருந்து 40க்கு எத்தன, எல்லாம் கண்ணால தெரியும். துணி கிளிப்ப எடுத்து எண்ணு மேல மாட்டுவா. கொடில தொங்கவிட்டா தான் வேலை செய்யும், டப்பாவுல போட்டு வச்சா பிரயோஜனமில்ல.

ஆற்காடு_டீச்சர்

நான் அரசு நடுநிலைப்பள்ளில சின்ன வகுப்பு எடுக்கறவ. வீட்டுப்பள்ளில எனக்கு உடன்பாடு இல்ல, மொதல்லயே சொல்லிடறேன். ஆனா கேட்ட கேள்விக்கு பதில் தெரிஞ்சும் சொல்லாம போக மனசு வரல.

எண்ணும் எழுத்தும்னு 2022ல நம்ம அரசு கொண்டுவந்தது, கொரோனால ஸ்கூல் மூடி இருந்தப்போ விட்டுப்போனத பிடிக்கறதுக்கு. அதுல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. எந்த வகுப்புன்னு பாக்க மாட்டோம், புள்ளைக்கு என்ன வருது என்ன வரலன்னு பாத்து நிலை பிரிப்போம். மூணாவது படிக்கற புள்ள அரும்புல இருக்கலாம், தப்பில்ல. பயிற்சி நூல எறக்கி புள்ள கையில குடுத்து "எல்லாத்தையும் முடி"ன்னு சொல்றவங்க தான் அதிகம், அது வேஸ்ட். ஆசிரியர் கையேடுன்னு ஒண்ணு இருக்கு, அத படிங்க. பாட்டு, கதை, விளையாட்டு எப்படி நடத்தணும், புள்ள தப்பு பண்ணா அடுத்து என்ன கேக்கணும், எல்லாம் அதுல தான் இருக்கு.

இன்னொரு விஷயம். இதுக்கும் முன்னாடி செயல்வழிக் கற்றல் இருந்துச்சே, 2003ல சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல ஆரம்பிச்சு 2007ல மாநிலம் பூரா வந்தது. அந்த அட்டை முறைக்கு வேர் ரிஷிவேலி, நம்ம சித்தூர் தாண்டி மதனப்பள்ளி பக்கம் இருக்கே அந்த பள்ளிக்கூடம். எதுக்காக பண்ணாங்கன்னு யோசிச்சு பாருங்க. ஒரே டீச்சர், ஒரே ரூம், நாலு வகுப்பு புள்ளைங்க. ஒரு புள்ளைக்கு சொல்லித்தரும்போது இன்னொரு புள்ள தானா எதாவது செஞ்சிட்டு இருக்கணும். அதுக்கு தான் ஏணி மாதிரி வரிசை, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு படம், ஒண்ணு முடிச்சா அடுத்தது எதுன்னு புள்ளையே பாத்து எடுத்துக்கும். இப்போ உங்க வீட்ட நெனச்சு பாருங்க. எட்டு வயசு ஒண்ணு, அஞ்சு வயசு ஒண்ணு, நடுவுல சாதம் அடுப்புல. ஓராசிரியர் பள்ளி தானே அது? நாப்பது புள்ளைக்கு ஒரு டீச்சர்னு எழுதினதோ, ஒரு புள்ளைக்கு ஒரு அம்மா முழு நேரமும்னு எழுதினதோ உங்களுக்கு ஒத்து வராது. பத்து அட்டை நீங்களே எழுதி ஏணி ஒட்டி வைங்க, காலண்டர் அட்ட போதும்.

சும்மா_பாக்கறவன்

அரசு புக்கு வச்சு தான் படிக்கணும்னா எதுக்கு ஸ்கூல விட்டு நிறுத்தணும்? கேக்கறதுக்கே வேடிக்கையா இல்ல?

ஆற்காடு_டீச்சர்

வேடிக்கை தான். ஆனா நல்ல புக்கு யார் வீட்ல இருந்தாலும் நல்ல புக்கு தானே சார்.

பாலாறு_76

வணக்கம். நான் ரிட்டயர்டு, வாலாஜா. பேத்திக்கு பத்து வயசு, ஸ்கூலுக்கு போறா தான், ஆனா சாயங்காலம் எங்கிட்ட தான். நீங்க அல்லாரும் கணக்கு சயின்ஸே பேசிகினு கீறீங்க. சரித்திரம் இன்னாத்துக்கு விட்டுட்டீங்க?

நான் செஞ்சத சொல்றேன். ஒரு நாளு பீரோவ தொறந்து என் எஸ்எஸ்எல்சி சர்டிபிகேட்ட எடுத்து வச்சேன், அதுல வட ஆற்காடு மாவட்டம்னு கீது. எம் பையன் 1990ல பொறந்தவன், அவன் பொறப்பு சர்டிபிகேட்டுல வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். சின்ன பேரன் போன வருஷம் பொறந்தான், அவனுக்கு ராணிப்பேட்டை மாவட்டம். "தாத்தா நீங்க அல்லாம் எத்தினி ஊரு மாறுனீங்க"ன்னு கேக்குது பேத்தி. நான் சொன்னேன், ஒரு ஊரும் மாறலம்மா, இதே வூடு தான், இதே திண்ணை தான். அப்போ புடிச்சிகிச்சி. 1989ல பிரிச்சாங்க, திருவண்ணாமலை தனியா போச்சு. நடுவுல வேலூர்னு பேரு மாறுச்சு. 2019ல மறுபடி மூணா பிரிச்சாங்க. ஏன் பிரிக்கறாங்க, கலெக்டர் ஆபீஸ் தொலைவா இருந்தா இன்னா கஷ்டம், எங்க அப்பா ஒரு மனு குடுக்க எம்மாம் தூரம் போனாரு, அல்லாம் பேச்சு வந்துச்சு. ரெண்டு மணி நேரம். ஒரு பைசா செலவில்ல.

அதுக்கப்புறம் கோட்டைக்கு கூட்டிகினு போயி 1806 ஜூலை 10 சிப்பாய் கலகம் சமாச்சாரம் சொன்னேன். உள்ள கவர்மெண்ட் மியூசியம் கீது, நெறைய பேரு கோயிலோட திரும்பிடறாங்க. வள்ளிமலைக்கும் போங்க, சமணர் செதுக்குன பாறை, கங்க ராசா கல்வெட்டு கீது அங்க. மலை மேல குரங்கு ஜாஸ்தி, பைய ஜாக்கிரதையா புடிச்சிக்கோங்க.

மொட்டமாடி_வானம்

ஹாய் ஆன்ட்டி, எனக்கு 15, நான் ஆறு வருஷமா வீட்ல தான் படிக்கறேன், வாணியம்பாடி. பெரியவங்க பேசறாங்க, புள்ளைங்க சைடுல இருந்து ஒண்ணு சொல்லலாமா?

எனக்கு இதுல எல்லாத்தையும் விட பிடிச்சது யாரோ நெஜமா யூஸ் பண்ற வேலைய செய்யறது தான். ஒர்க்ஷீட்ட நான் முடிச்சா அம்மா மட்டும் தான் பாப்பாங்க. சீசன்வாட்ச்னு ஒண்ணு இருக்கு, ஒரு மரத்த தேர்ந்தெடுத்துட்டு வாரம் ஒரு தடவ இலை துளிர்க்குதா, பூ இருக்கா, காய் இருக்கான்னு எழுதணும். நான் எங்க தெருவுல புங்க மரம் எடுத்தேன். மொத வருஷம் போர். ரெண்டாவது வருஷம் போன வருஷத்த எடுத்து பக்கத்துல வச்சு பாத்தப்போ தான் சுவாரஸ்யமே. அத மாதிரி பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, 2015ல இருந்து நடக்குது, பதினஞ்சு நிமிஷம் பறவைய பாத்து எண்ணி ஈபேர்ட்ன்ற பறவை பதிவு வெப்சைட்ல போட்டா போதும், யார் வேணா போடலாம். எர்லி பேர்டுன்னு நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆளுங்க தமிழ்லயே பறவை போஸ்டர் போட்டிருக்காங்க, சின்ன பாப்பாவுக்கு அது ஓகே.

அப்புறம் காவலூர். இவ்ளோ பக்கத்துல இருந்துட்டு வேலூர்க்காரங்க பாதி பேர் போனதே இல்ல. ஜவ்வாது மலைல வைணு பாப்பு வானாய்வகம், பெரிய டெலஸ்கோப் 2.34 மீட்டர் கண்ணாடி, 1986ல தொறந்தது. 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சப்போ இங்க இருந்தும் பாத்து பதிவு பண்ணியிருக்காங்க. 1988ல இங்க கண்டுபிடிச்ச ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன்னு பேரு, நம்பர் 4130. சனிக்கிழமைல பொதுமக்கள விடுவாங்க, ஆனா மேகம் இருந்தா ஒண்ணும் தெரியாது, போறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டுடுங்க. நான் மூணு தடவ போயி ஒரு தடவ தான் சனி கிரகம் பாத்தேன். அந்த ஒரு தடவைக்கு மூணு தடவ போகலாம்.

படிக்கறதுக்குன்னா துளிர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போடற மாசப் பத்திரிகை, 1987ல இருந்து வருது. பழைய இதழ் யார் வீட்லயாவது இருந்தா விடாதீங்க, எங்க மாமா வீட்டு மூட்டைல தான் நான் படிக்கவே ஆரம்பிச்சேன். உங்க பையனுக்கு கரெக்ட் வயசு.

சத்துவாச்சாரி_அக்கா

தம்பி அழகா சொன்ன. கதைக்கு நான் ஒண்ணு சேத்துடறேன், ஸ்டோரிவீவர், பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்சது, தமிழ்ல நெறைய கதை, நிலை பிரிச்சு இருக்கும், எறக்கி ப்ரிண்ட் போடலாம். இது பல பேருக்கு தெரியும். தெரியாதது என்னன்னா, நாமளே ஒரு கதைய மொழிபெயர்த்து ஏத்தலாம், அதுக்கு அனுமதி குடுத்து தான் வச்சிருக்காங்க. என் பொண்ணு பதினொரு வயசுல இங்கிலீஷ் கதைய தமிழாக்கினா. ரெண்டு மொழி இலக்கணமும் அந்த ஒரு வேலைல வந்துச்சு, ஒவ்வொரு வரிக்கும் எங்கிட்ட சண்ட.

கயல், ஜாலியா போயிட்டு இருக்கும்போது கசப்பா ஒண்ணு. பேப்பர் விஷயத்த இப்பவே யோசிச்சுக்கோங்க. கல்வி உரிமைச் சட்டம் 6ல இருந்து 14 வயசு வரைக்கும் பேசுது, அதுல வீட்டுப்பள்ளிக்குன்னு தனியா ஒரு வரி கெடையாது. பின்னாடி பரிட்சைக்கு ரெண்டு வழி. நம்ம மாநிலத்துல எட்டாம் வகுப்ப தனித்தேர்வரா எழுதலாம், பன்னெண்டரை வயசு ஆகணும். இல்லன்னா என்ஐஓஎஸ், அதாவது மத்திய அரசோட திறந்தவெளிப் பள்ளி, பத்தாவதுக்கு 14 வயசு முடிஞ்சிருக்கணும், ஒரு மொழியாவது சேத்து அஞ்சு பாடம், அஞ்சு வருஷத்துல ஒன்பது வாய்ப்பு, தமிழ் மீடியமும் உண்டு. ஓவியம், மனையியல், உளவியல்னு ஸ்கூல்ல கெடைக்காத பாடமும் இருக்கு, என் பொண்ணு ஓவியம் எடுத்தா. ஆனா அசைன்மெண்டுக்கு 20 சதவீதம் மார்க், அத எழுதி கரெக்டா தேதிக்குள்ள குடுக்கணும். நாங்க தேதிய கோட்ட விட்டுட்டு அலைஞ்சது ஒரு தனி கதை, தப்பு முழுக்க என்னுது தான், காலண்டர்ல எழுதி வச்ச தாள் மேல பால்காரர் கணக்கு எழுதி வச்சிட்டேன்.

காட்பாடி_கயல்

எல்லாருக்கும் நன்றி. ஏழு வாரம் கழிச்சு வரேன், சும்மா "ட்ரை பண்றேன்"னு எழுதிட்டு போக வேணாம்னு தான் லேட்டு.

வால்வு ட்யூப் அமோகம். அண்ணன் சொன்ன மாதிரியே சதுரம் சாஞ்சுது, பையன் குறுக்க ஒரு குச்சி வைக்கணும்னு சொன்னான், ஆனா அந்த குச்சி பத்தல, நீளம் கம்மியா இருக்கு. ஏன்னு கேட்டு ரெண்டு நாள் என்ன விடல. கடைசியில ரெண்டு குச்சிய ஒட்டி வெட்டி வெட்டி சரி பண்ணான், ஸ்கேல்ல வச்சு அளந்தா ஒரு பக்கத்த விட கிட்டத்தட்ட ஒண்ணரை பங்கு கொஞ்சம் கம்மின்னு சொல்றான். நான் வர்க்கமூலம் ரெண்டுன்னு சொல்ல வாயெடுத்து அடக்கிக்கிட்டேன்.

எம்இபி எனக்கு பிடிச்சது, அவனுக்கு பிடிக்கல, வாரம் ரெண்டு பக்கம்னு பேரம் பேசி நிக்குது. மாலை கொடில தொங்குது, சின்னவ அதுல 100க்கு அப்புறம் மணி இல்லன்னு அழுதா. அட்டை ஏணி பதிமூணு அட்டை போட்டேன், டீச்சர் நீங்க சொன்னது சரி, சாதம் வடிக்கற நேரம் எனக்கு கெடச்சிருச்சு. என்ன, மூணாவது நாளே பெரியவன் அவன் ஏணிய விட்டுட்டு தங்கச்சி ஏணிக்கு புது அட்டை எழுதிட்டு இருந்தான். அது படிப்பா ஏமாத்தான்னு தெரியல.

காவலூர் போனோம். மேகம். தம்பி, இன்னும் ரெண்டு தடவ பாக்கி.

ஆற்காடு_டீச்சர்

அட்டை எழுதறது தான் மேடம் படிப்பு. நாங்களும் அப்படித்தான் கத்துக்கிட்டோம்.

குடியாத்தம்_தறி

அக்கா குச்சி ரெண்டு கட்டு எடுத்து வச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை லுங்கி லோடு குடுக்க வேலூர் வரேன், எங்க குடுக்கணும்?

மொட்டமாடி_வானம்

அப்போ கோட்டைல குடுங்கண்ணா, நானும் வரேன். காலைல ஆறரைக்கு அகழி பக்கம் நின்னா நீர்க்காகம், முக்குளிப்பான், மீன்கொத்தி எல்லாம் எண்ணலாம். யார் வேணா வரலாம்.

பாலாறு_76

நானும் பேத்தியும் வரோம். வாலாஜால இருந்து மொத பஸ்சு புடிச்சா வந்துடலாம். ஆனா எங்ககிட்ட பைனாகுலர் கெடையாது, யாராச்சும் ஒண்ணு எடுத்தாங்க.

காட்பாடி_கயல்

எங்கிட்ட ஒண்ணு இருக்கு ஐயா, அந்த டப்பாவுலயே வந்தது. பரண்ல இருந்து எறக்கறேன்.